மழையில் ஒட்டாத கட்டைகள்

என் தம்பி கலையரசன் கதவு செய்கிற தச்சன். அரியலூரிலிருந்து தா.பழூர் போகிற சாலையில், சிமெண்டு லாரிகளின் புழுதி படிந்த ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் அவன் பட்டறை இருக்கிறது. வெளியே சாய்த்து வைத்திருப்பதெல்லாம் கதவும் ஜன்னல் சட்டமும்தான். உள்ளே போனால் ஒரு பக்கத்துச் சுவரில் ஆர்கன் கட்டைகள் வரிசையாகத் தொங்கும். வெள்ளையும் கறுப்புமாய், விரல் பட்டதும் இறங்கி எழும்புகிற அந்த மரத்துண்டுகளைத்தான் கட்டை என்கிறோம். பழைய ஆர்கன் வைத்திருக்கிற மாதா கோயில்காரர்கள் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்துகூட அவனைத் தேடி வருகிறார்கள். அவன் இந்த வேலைக்குள் எப்படி வந்தான் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். எட்டாவதோடு நின்று தையல் தைக்கிறவள். நடை முன்னே பின்னே இருக்கலாம். நடந்ததை மாற்றி எழுதவில்லை.

எங்கள் அப்பாவும் கதவு ஆசாரிதான். சித்திரை வெயிலில் பொருத்திய கதவு ஐப்பசி மழையில் ஊதிப்போய் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். மழை சற்று விட்டால் போதும், வாசலில் யாராவது வந்து நிற்பார்கள்.

"ஆசாரி, அடுப்படிக் கதவு தொறக்க மாட்டேங்குது. எம் பொண்டாட்டி உள்ள மாட்டிக்கிட்டா."

"காலையில சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்."

"அப்புறம் என்னடா அவசரம்?" என்பார் அப்பா. சொல்லிக்கொண்டே இழைப்புளியைச் சாக்கில் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கலை அவர் பின்னாலேயே ஓடுவான். திரும்பி வரும்போது அவன் கால்சட்டைப் பை நிறைய ஈரமான மரச்சீவல் இருக்கும். அதைத் தரையில் கொட்டி, நீளமானது எது என்று என்னோடு அளந்து பார்ப்பான். நனைந்த தேக்கின் வாசனை அப்படியே எங்கள் வீட்டு மழைக்காலத்தின் வாசனையாக இருந்தது. இன்றைக்கும் தூறல் விழுந்தால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

அப்பா போன பிறகு கலை அதே இழைப்புளியோடு அதே வீடுகளுக்குப் போனான். ஒட்டுகிற மரத்தை இழைக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

பதினைந்து வருடம் இருக்கும். அப்படி ஒரு மழை நாளில் அனிதா டீச்சர் வந்தார். எங்கள் ஊர் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். காலால் மிதித்துக் காற்றடித்து வாசிக்கிற பழைய பெட்டி அது. பாவாடை சட்டை போட்ட வயதில் கன்னியர் மடத்துச் சிஸ்டர்களிடம் கற்றுக்கொண்டு, அன்று முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் வாசித்தவர். என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பார். அந்தப் பழக்கத்தில் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கலை, ஆர்கன் கட்டையெல்லாம் அமுக்கினா அமுங்கினபடியே நிக்குதுப்பா. கிறிஸ்துமஸ் வருது. வந்து பாக்குறியா?"

"அதெல்லாம் நான் தொட்டதில்லையே டீச்சர்."

"மரம்தானே? திருச்சியிலேருந்து ஆள் வரணும்னா பொங்கல் ஆயிடும். நான் சாமிகிட்ட சொல்லிட்டேன், நம்ம ஊர் ஆசாரி பாத்துக்குவான்னு."

சாமி என்றது பங்குச் சாமியாரை. கலை போனான். கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினான். ஒவ்வொரு கட்டையும் நடுவில் ஓர் ஊசியின் மேல் நின்று கிணற்று ஏற்றம்போல ஏறி இறங்குகிறது. முன்பக்கம் இன்னோர் ஊசி நிற்கிறது. கட்டையின் அடியில் வெட்டியிருக்கிற பள்ளத்துக்குள் அது நுழைந்து, கட்டை பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொள்கிறது. மழை ஈரத்தில் மரம் ஊதி அந்தப் பள்ளம் ஊசியைக் கவ்வியிருந்தது. கலை பள்ளத்தை அரத்தால் தேய்த்து அகலப்படுத்தினான். ஒன்றோடொன்று உரசிய பக்கங்களை இழைத்தான். அடுப்படிக் கதவுக்குச் செய்ததையே செய்தான்.

கிறிஸ்துமஸ் பூசையில் ஆர்கன் நன்றாகப் பாடியது. டீச்சர் கோயில் வாசலில் எல்லோரிடமும், "நான் சொன்ன ஆசாரி" என்று அவன் தோளைத் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மாசியில் வெயில் ஏறியது. ஊதியிருந்த மரம் உலர்ந்து சுருங்கியது. அகலப்படுத்திய பள்ளத்துக்குள் ஊசி கலகலவென்று ஆடத் தொடங்கியது. கட்டைகள் சாய்ந்தன. ஒன்றை அமுக்கினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து இறங்கி இரண்டு சுரமாகக் கத்தியது. ஒரு கல்யாணப் பூசையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நடந்து வரும்போது அது போட்ட சத்தத்தில் கூட்டம் சிரித்துவிட்டது. டீச்சர் வாசிப்பதை நிறுத்திக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே கோயில் காரியம் பேசுகிற பங்குப் பேரவை கூடியது. கலையையும் வரச் சொன்னார்கள். பேரவைப் பெரியவர் சவரிமுத்து நேராகப் பேசுகிறவர்.

"சாமி, கரண்ட் கீபோர்டு ஒண்ணு வாங்கிடுவோம். அதுக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது. இந்தப் பெட்டியத் தூக்கிச் சாமான் அறையில போட்ரலாம். டீச்சர் சொன்னாங்கன்னு கதவு ஆசாரிகிட்ட குடுத்தோம். அவன் தாழ்ப்பாள் வைக்காம வுட்டானே, அதுவே பெருசு."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கலை எழுந்து, "கெடுத்தது நாந்தான் சாமி. நானே புதுசாச் செஞ்சு தரேன். கூலி வேணாம்" என்றான்.

சாமியார் யோசித்தார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அடுத்த வாரம் வந்தது; அதிலிருந்து ஆறேழு வாரத்தில் ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு. "தவக்காலத்துல வாயாலயே பாடிக்கலாம், வாத்தியம் வேணாம். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் அவன்கிட்ட வுடுங்க. அன்னிக்குச் சரியா வரலைன்னா சவரிமுத்து சொல்றபடி செஞ்சிடுவோம்" என்றார்.

அப்படித்தான் அறுபத்தொரு கட்டைகளும் துணி மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வந்தன. ஆர்கன் பல் விழுந்த வாயோடு கோயிலில் நின்றது.

கலை முதலில் செய்தது தேக்கில். எங்கள் ஆட்களுக்கு நல்ல மரம் என்றால் தேக்குதான். அதுவும் பூ விழுந்த பலகையாகத் தேடினான். ரேகை அலை அலையாக ஓடுகிற பலகை, பணக்கார வீட்டு வாசல் கதவுக்குப் போடுவது. நாலைந்து கட்டை செய்து பொருத்தி டீச்சரைக் கூப்பிட்டான். டீச்சர் வாசித்துப் பார்த்துவிட்டு விரலைத் தேய்த்துக்கொண்டார்.

"பாக்க ராஜாவாட்டம் இருக்குப்பா. ஆனா அமுக்குனா எழுந்திரிக்கவே யோசிக்குது. அவசரமா ஒரு பாட்டு வாசிச்சேன்னா கை செத்துப்போயிடும்."

அன்று சாயங்காலம் அவன் பழைய கட்டை ஒன்றை இந்தக் கையிலும் தேக்குக் கட்டையை அந்தக் கையிலும் வைத்துக்கொண்டு திண்டாடினான். "அக்கா, இதத் தூக்கிப் பாரேன்" என்று பழையதை என்னிடம் கொடுத்தான். முருங்கைக் கிளைபோல லேசாக இருந்தது. அதன் பின்பக்க வாலில் ரேகை நேர்கோடாக, அரிசி மாவில் இழுத்ததுபோல இருந்தது.

"இது பெட்டி மரம்க்கா," என்றான். நம்ப முடியாதவன் குரல். பெட்டி மரம் என்றால் கப்பலில் சாமான் வருகிற பெட்டிக்கு அடிக்கிற மரம். வெளிறிப்போன, லேசான மரம். எங்கள் ஆட்கள் அதைத் தொட்டால் கௌரவக் குறைச்சல். வெந்நீர் அடுப்புக்குத்தான் கொடுப்பார்கள்.

புதுப் பெட்டி மரம் கிடைத்தது. ஆனால் ஈரம் காயாதது. பல வருடம் உலர்ந்தது வேண்டும். அப்போதுதான் அவனுக்கு லப்பைக்குடிக்காடு ஷஃபியுல்லா வீடு நினைவுக்கு வந்தது. வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். அவர் வீட்டைப் புதுப்பித்தபோது கதவெல்லாம் கலைதான் செய்தான். அந்த வேலையின்போது பரணில் ஒரு பெரிய பெட்டியைப் பார்த்திருக்கிறான். இரண்டு பஸ் மாறிப் போனான்.

"பாய், பரண் மேல இருக்கிற பெட்டி எனக்கு வேணும்."

"எந்தப் பெட்டி? சவூதியிலேருந்து சாமான் போட்டு அனுப்புனேனே, அதுவா? ஆசாரி, உனக்கு வூடு நெறையத் தேக்கு இருக்கு. அத வெச்சு என்ன பண்ணப் போற?"

உள்ளிருந்து அவர் மனைவி பாத்திமா பீவி குரல் கொடுத்தார். "குடுத்து வுடுங்க. இருவது வருசமா அதுல எலிதான் குடும்பம் நடத்துது. எலிய வாணாம்னு சொல்லிடப் போறாரு, அதையும் சேத்துத்தான் குடுக்கணும்."

பெட்டியைப் பிரித்துப் பலகைகளாகக் கட்டி பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்தான். கண்டக்டர், "என்னண்ணே, விறகா? விறகுக்கா லக்கேஜ் போடுறீங்க?" என்று கேட்டாராம். இவன் ஆமாம் என்று சொல்லிவிட்டான். விளக்கம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அதற்குப் பிறகு அவன் வேலை செய்த விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பலகையின் தலைப்பக்கத்தில், அதாவது அறுத்த முனையில், ரேகை படுத்திருந்தால் அதை ஒதுக்கிவிடுவான். நிமிர்ந்து நிற்கிற துண்டை மட்டும் எடுப்பான். இரண்டு மாதிரியிலும் ஒவ்வொரு துண்டை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பார்த்திருந்தான். படுத்த ரேகை அகலவாக்கில் நன்றாக ஊதியது. நின்ற ரேகை அதில் பாதிதான் ஊதியது. படுத்த ரேகைதான் பலகையின் முகத்தில் பூவாகத் தெரிவது. "இத்தன வருசமா பூவப் பாத்துப் பாத்துப் பலகை அறுத்தோம்க்கா. ஒட்டாம எப்புடி இருக்கும்?" என்றான். ஊசி நேராக மரத்தில் உரசாதபடி பள்ளத்தின் இரு பக்கமும் ஒட்டுவதற்குக் கம்பளித் துணியை நான் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கொடுத்தேன். ரவிக்கைக்குப் பட்டி வெட்டுகிற கை. ஒன்றுகூட ஏறவுமில்லை, குறையவுமில்லை.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்திய குருத்தோலை ஞாயிறு நெருங்கியபோது எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. ஆனால் அவன் முகம் தெளியவில்லை. பாதிதான் ஊதும் என்றாலும் ஊதத்தானே செய்யும்? ஐப்பசியில் ஒரு கட்டை பிடித்தால் மறுபடியும் அரமா?

அந்தச் சமயத்தில் ஒரு முன் ஊசி வளைந்துபோனது. பித்தளை ஊசி. அதைப் பட்டறைக் கல்லில் வைத்து நிமிர்த்தினான். சுத்தியல் பட்டு இரண்டு பக்கமும் கொஞ்சம் தட்டையாகிவிட்டது. திரும்ப அடித்துக் கட்டையை மாட்டினால் லொடலொடவென்று ஆடியது. எடுத்துவிடலாம் என்று குறடால் பிடித்துத் திருகினான். கால் சுற்று திரும்பியதும் அதே கட்டை ஆட்டமில்லாமல் நின்றது. இன்னொரு தடவை திருகினான். ஆடியது. திருகினான். நின்றது.

"அக்கா!" என்று அவன் கத்தியதில் நான் தையல் ஊசியைத் துணியில் குத்துவதற்குப் பதில் விரலில் குத்திக்கொண்டேன்.

விஷயம் அவ்வளவுதான். ஊசி முட்டைபோல, ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. வெயில் காலத்தில் தடித்த பக்கம் பள்ளத்தைத் தொடும்படி வைத்தால் ஆடாது. மழைக் காலத்தில் சற்றே திருப்பினால் இடம் விடும். மரத்தில் கை வைக்கவே வேண்டாம். எல்லா ஊசிகளையும் அரத்தால் அப்படித் தேய்த்தான். திருப்புவதற்கு ஒரு சின்னச் சாவியும் செய்து, டீச்சருக்கு ஒரு முறை காட்டிவிட்டு ஆர்கன் மேலேயே வைத்தான். வெளிநாட்டுப் பியானோக்களில் இந்த மாதிரி ஊசி முன்பே உண்டு என்று பல வருடம் கழித்துத் திருச்சியில் ஒரு பியானோவைத் திறந்தபோதுதான் பார்த்தான். வருத்தப்படுவான் என்று நினைத்தேன். "எவனோ ஒருத்தன் என்னய மாதிரியே சுத்தியல்ல தப்பா அடிச்சிருக்கான்க்கா" என்று சந்தோஷமாக வந்து சொன்னான்.

உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் டீச்சர் வாசித்தார். தவக்காலம் முழுக்க வெறும் வாயால் பாடியிருந்த கூட்டம், ஆர்கன் சத்தம் எழும்பியதும் ஒரு நிமிடம் பாட மறந்து நின்றது. பிறகு பாடியது. சவரிமுத்து கலையின் அருகில் வந்தார்.

"இன்னிக்குச் சரி. மழைக்கு என்ன சொல்ற?"

"மழைக்குப் பாப்போங்க."

"நானும் பாக்குறேன்" என்றார். கீபோர்டுப் பேச்சு ஐப்பசிக்குத் தள்ளிப் போனது. அந்த வருடம் நானும் தம்பியும் மழைக்குக் காத்திருந்ததுபோல எந்த விவசாயியும் காத்திருக்கவில்லை.

மழை வந்தது. விடாமல் பெய்த ஒரு வாரத்தின் முடிவில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நாங்கள் இருவரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். சவரிமுத்து முதல் வரிசை. இரண்டு பாட்டு ஒழுங்காகப் போனது. மூன்றாவது பாட்டில் ஒரு சுரம் விடாமல் இழுத்தது. கட்டை பிடித்துக்கொண்டது. சவரிமுத்து திரும்பிக் கலையைப் பார்த்தார். கலை எழப் போனான்.

அதற்குள் டீச்சர் இடது கையால் வாசித்துக்கொண்டே வலது கையால் ஆர்கன் மேலிருந்த சாவியை எடுத்தார். கட்டையின் மூக்கை லேசாகத் தூக்கி, உள்ளே விட்டு ஒரு திருப்பு. இழுத்துக்கொண்டிருந்த சுரம் நின்றது. அடுத்த அடியில் இரண்டு கையும் சேர்ந்துகொண்டன. பாடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு எதுவும் தெரியாது. சவரிமுத்து முன்பக்கம் திரும்பிக்கொண்டு, தொண்டையைச் செருமி, மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடினார். கீபோர்டைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கலை குனிந்தபடி ஈர மண்ணைக் காலால் எத்திக்கொண்டே வந்தான்.

"என்னடா, சந்தோசமா இல்லையா?"

"இல்லாம என்னக்கா. டீச்சர் என்னயத் திரும்பிக்கூடப் பாக்கல, கவனிச்சியா?"

"கவனிச்சேன். மழைக்கு மழை கூப்புடுவாங்கன்னு இருந்த பொழப்பு போச்சு."

"போகட்டும்க்கா," என்றான். "பாட்டு நடுவுல ஆசாரியத் தேடுற மாதிரி ஒரு ஆர்கன் இருக்கக் கூடாது."

இப்போது எந்தக் கோயிலுக்குக் கட்டை செய்துகொடுத்தாலும், வாசிக்கிறவர் கையில் சாவியைக் கொடுத்து, அவரே ஒரு முறை திருப்பிப் பார்த்த பிறகுதான் அவன் பஸ் ஏறுகிறான்.