திறந்து பார்க்காத பார்சல்

வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்களின் பெட்டியில் அவர்களுடைய சாமான் மட்டும் இருந்து நான் கண்டதில்லை. ஒருவருக்கு மிளகாய்த்தூள், இன்னொருவருக்குச் சேலை, யாரோ ஒருவருடைய மருமகனுக்கு மூக்குக்கண்ணாடி என்று ஏதாவது இருக்கும். கொண்டுவருகிறவர் உள்ளே என்ன என்று கேட்பதில்லை. கேட்டால் கொடுத்தவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். மெல்பனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்த நாகரிகத்தை நான் விடவில்லை.

என் மகள் மிருக வைத்தியத் தாதிப் படிப்பில் இருக்கிறாள். கடந்த விடுமுறையில் வியட்நாமில் ஒரு கரடிக் காப்பகத்துக்குத் தொண்டு வேலைக்குப் போனாள். மருந்துக்குப் பித்தம் எடுப்பதற்காகக் கூண்டில் அடைத்து வளர்த்த கரடிகளை மீட்டு வைத்திருக்கும் இடம் அது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நுளம்புக்கடி, தண்ணீர், மலைப்பாதை, மோட்டார் சைக்கிள், கரடி என்று என் பயங்களை அடுக்கினேன். "கரடியக் கடைசியாத்தான் சொல்லுறியள்" என்று மனைவி சிரித்தாள்.

அங்கிருந்து வீடியோ அழைப்பில் மகள் ஒரு கரடியைப் பற்றியே பேசுவாள். குட்டியிலிருந்து கம்பிகளின் மேல் மட்டுமே நின்று வளர்ந்தது. வயிற்றில் ஊசி குத்திப் பித்தம் உறிஞ்சி உறிஞ்சி, உள்ளே எல்லாம் பழுதாகி, அறுவைச் சிகிச்சை செய்திருந்தார்கள். இப்போது கதவு திறந்திருக்கிறது, வெளியே புல் இருக்கிறது, அது மட்டும் வாசலிலேயே நிற்கிறது. புல்லில் பழத்தை வைத்துவிட்டு இவர்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அழைத்ததும் நான் சாப்பிட்டாளா என்று கேட்பேன். அடுத்து, கரடி புல்லில் கால் வைத்ததா என்று கேட்பேன். இல்லை என்று தலையாட்டுவாள்.

அவள் திரும்புவதற்கு முந்திய வாரம் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருந்தோம். சாப்பாட்டு வரிசையில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்தார். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தங்க அறை கொடுத்தவர் அவர். அங்கிளுக்கு ஈரல் நோய், மாதக்கணக்காகப் படுக்கையில் இருக்கிறார்.

"தம்பி, பிள்ளை ஹனோயால தானே வாறா? அங்க தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் சின்னப் பார்சல் ஒண்டு குடுப்பான். அங்கிளின்ர மருந்து."

ஓம் என்றேன். மருந்து என்றதும் என் மனதில் வந்தது வேரும் பட்டையும் எண்ணெயும்தான். மகளுக்கு அன்ரியின் பார்சல் என்று மட்டும் சொன்னேன். எல்லாருக்கும் நீங்கள்தான் தபால்காரன் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவள் வருகிற நாள் காலை, விமான நிலையத்துக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அன்ரியின் குரல்செய்தி வந்தது.

"தம்பி, மருந்தக் கொண்டுபோன உடன பிரிட்ஜில வையுங்கோ. கரடிப் பித்தம் எல்லோ, சூடு படக்கூடாதாம்."

ஒரு கால் சப்பாத்தோடு அப்படியே இருந்தேன். மகளின் விமானம் அப்போது ஆகாயத்தில். எறிந்துவிடு என்று செய்தி எழுதினேன். அதைச் சுங்க அதிகாரிகள் அவளுடைய தொலைபேசியில் பார்த்தால் தெரிந்தே கொண்டுவந்தாள் என்றாகிவிடுமே என்று அழித்தேன். ஒன்றும் தெரியாது என்று சொல் என எழுதினேன். அது அதைவிட மோசம். அதையும் அழித்தேன். எங்கள் வீடு இருக்கும் பொயிண்ட் குக்கிலிருந்து விமான நிலையம் வரை எந்தப் பாதையால் ஓட்டினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. தண்டம், வழக்கு, படிப்பு, வேலை என்று நினைத்தேன். இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று கிடந்தது. எந்தக் கொடுமை ஒழியவேண்டும் என்று போனாளோ, அதை அவளுடைய உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவரச் செய்தது நான்.

அந்த விமானத்தில் வந்தவர்கள் பூக்களும் கட்டிப்பிடிப்புகளுமாகப் போய்முடிந்தார்கள். கதவு ஒவ்வொரு தடவை திறந்தபோதும் எட்டிப் பார்த்தேன். அடுத்த விமானத்து ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அழுதிருந்தாள். பயணப்பெட்டியின் சிப் பாதிதான் மூடியிருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் நடந்ததைச் சொன்னாள். என்ன கொண்டுவருகிறோம் என்று சுங்கத்துக்கு எழுதிக்கொடுக்கும் வருகை அட்டையில் எதையும் மறைக்காமல் எல்லாவற்றுக்கும் ஆம் என்று போடுவது எங்கள் வீட்டில் பகிடிக்குரிய என் வழக்கம். பிஸ்கட் பெட்டிக்கும் போடுவேன். அவளும் அப்படியே போட்டிருக்கிறாள். அதிகாரி ஒட்டுநாடாவை வெட்டினார். உள்ளே விரலளவு சின்னக் குப்பிகள், மஞ்சள் கலந்த கறுப்புத் திரவம். இதே மாதிரிக் குப்பிகளைக் காப்பகத்தில் காட்டியிருந்தார்கள். அதிகாரி இது என்ன என்று கேட்கமுதலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளே பெயரைச் சொன்னாள். அவர்கள் குப்பிகளை எடுத்துக்கொண்டு, நிறையக் கேள்விகள் கேட்டு, எச்சரித்து, விவரங்களை எழுதிக்கொண்டு அவளைப் போகவிட்டார்கள். தண்டக் கடிதம் வந்திருக்குமோ என்று இன்றைக்கும் தபால்பெட்டியைத் தயங்கித்தான் திறக்கிறேன்.

என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள் அன்று தமிழில் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமே அப்பா?"

"மருந்தெண்டு தெரியும். என்ன மருந்தெண்டு கேக்கேல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காரை எடுத்ததும் ஒலிபெருக்கியில் அன்ரியின் அழைப்பு வந்தது. எயார்போர்ட்டில் எடுத்துப்போட்டார்கள் என்று சொல்லித் தப்பலாம் என்று நினைத்தேன். மகள் முந்திப் பொத்தானை அழுத்தினாள்.

"அன்ரி, நான்தான் கதைக்கிறன். மருந்தில்ல, எயார்போர்ட்டில எடுத்திட்டினம். அது என்னெண்டு நான்தான் அவையளுக்குச் சொன்னனான்."

பிறகு அந்தக் கரடியைப் பற்றி, தடுமாறும் தமிழில், ஊசியையும் கம்பியையும் வாசலையும் சொன்னாள். அழைப்பு துண்டிக்கப்பட்டதோ என்று பார்த்தேன்.

"எனக்கு அப்பிடி எடுக்கிறதெண்டு தெரியாது பிள்ளை" என்றார் அன்ரி. "செத்த கரடியில எடுக்கிறதெண்டுதான் நினைச்சனான். அவற்ற கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. நான் வேற என்ன செய்யிறது?"

பித்தத்தில் இருக்கிற மருந்துப்பொருளை இப்போது மிருகத்தைத் தொடாமலே குளிசையாகச் செய்கிறார்கள் என்றாள் மகள். அது அங்கிளுக்குச் சரிவருமா என்று டொக்டர்தான் சொல்லவேண்டும், அடுத்த தடவை தானும் கூட வந்து கேட்பதாகச் சொன்னாள். அன்ரி சரி என்றும் சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை. அங்கிள் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டார்.

வளையச் சாலையில் லொறிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தோம். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் வாயில் வந்தது தினமும் கேட்கிற கேள்விதான்.

"அந்தக் கரடி கால் வைச்சதோ?"

அவள் பதில் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் இறங்கும் வழி நெருங்கும்போது சொன்னாள்.

"கடைசி நாள் ஒரு கால் வைச்சது. பிறகு எடுத்திட்டுது."