அம்மாவுக்கு மட்டும் இரண்டு குடம்

என் மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது. அவள் எப்போது பால் குடிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்பதை இப்போது என் கைபேசி முடிவு செய்கிறது. நேரம் தவறாமல் மணி அடிக்கும். நானும் தவறாமல் எழுந்து ஓடுவேன். மகளுக்கு மட்டும் அந்த மணியின் மேல் எந்த மரியாதையும் கிடையாது. தூங்க வேண்டிய நேரத்தில் என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். போனில் இதைச் சொல்லிப் புலம்பினால் அம்மா சிரிக்கிறாள். "ஒன் தம்பிய பழக்குறதுக்குள்ள நாங்க பட்ட பாட்டுக்கு இது எம்புட்டு?" என்கிறாள். அந்தப் பாட்டில் பாதிக்குக் காரணம் நான்தான். அம்மா பெருந்தன்மையாக அதைச் சொல்லிக்காட்டுவதில்லை.

அப்போது நான் நாலாம் வகுப்பு. சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற பக்கம் எங்கள் வீடு. அப்பா அச்சகத்தில் காலண்டர் வேலை பார்த்தார். சீசன் வந்தால் அவரைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். அம்மா பட்டாசு ஆலையில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை செய்தாள். எங்கள் ஊரில் ஆலை என்று சொல்ல மாட்டார்கள், பயராபீஸ் என்பார்கள். தம்பி பிறந்ததால் அம்மா வீட்டில் இருந்தாள். அவனுக்கு ஐந்து மாதம் முடிந்தபோது போர்மேன் ஆள் அனுப்பிவிட்டார். ஆர்டர் குவிந்து கிடக்கிறதாம். இந்த வாரம் வந்தால் அவள் இடம் அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம்.

இதற்காகவே மல்லாங்கிணற்றிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள் என்பதை நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்லுவாள். அவளும் அம்மாவும் உட்கார்ந்து தம்பிக்கு ஒரு நேரக்கணக்கு போட்டார்கள். விடியற்காலை வேன் வருவதற்கு முன்னால் அம்மாவிடம் பால். அம்மா பிழிந்து வைத்துவிட்டுப் போகிற பாலை, தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள் டம்ளரோடு வைத்திருந்து, பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் சங்கு ஊதும்போது பாலாடையில் புகட்ட வேண்டும். பிறகு தொட்டில். மதியம் கேழ்வரகுப் பால், மறுபடி தொட்டில். சாயங்காலம் அம்மா வந்ததும் அம்மா. ஏழு மணிக்கு ஊரே இடிந்தாலும் தூக்கம்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! தம்பியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதலில் ஒத்திகை பார்த்தார்கள். அம்மா பக்கத்து வீட்டில் போய் ஒளிந்துகொள்வாள், அத்தை புகட்டிப் பார்ப்பாள். தம்பி பாலாடையை நாக்காலேயே தள்ளிவிட்டு, பயராபீஸில் போட்ட வெடியெல்லாம் தோற்றுப்போகிற மாதிரி கத்துவான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து அம்மா அழுகிற சத்தமும் கேட்கும். "ரெண்டு பிள்ளைய என்னால ஒரே நேரத்துல சமாளிக்க முடியாதுத்தா" என்று அத்தை சுவரைப் பார்த்துச் சத்தம் போடுவாள். ஆனாலும் திங்கட்கிழமை அம்மா வேன் ஏறிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க ஒரே போராட்டம்தான். தம்பி பகலெல்லாம் பட்டினி கிடந்து அழுதான், தூங்கவும் இல்லை. அழுது அழுது குரல் கட்டிப்போனது. ஆனால் எனக்கு அப்போது ஆத்திரம் தம்பி மேல் இல்லை, அம்மா மேல்தான். சாயங்காலம் வேனிலிருந்து இறங்குவாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, முகம் கை எல்லாம் வெள்ளி பூசிய மாதிரி மருந்துத்தூள். வாசலில் அத்தை தம்பியை வைத்துக்கொண்டு நிற்பாள். அவன் அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்வான். அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். குளியல் மறைப்புக்குள் நுழைந்தால் இரண்டு குடம் தண்ணீர் காலியாகும்.

எங்கள் தெருவில் அப்போது எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். எனக்குக் குளிக்க அரை வாளி. அப்பாவுக்கும் அவ்வளவுதான். அம்மாவுக்கு மட்டும் இரண்டு குடம்! பச்சைப் பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போது இவளுக்கு என்ன அலங்காரம் வேண்டிக்கிடக்கிறது என்று நான் பல்லைக் கடிப்பேன். கழற்றிய வேலைச் சேலையையும் சட்டையையும் கொல்லைச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவைப்பாள். இரண்டு செட்டை மாற்றி மாற்றி உடுத்தி, ஞாயிற்றுக்கிழமைதான் துவைப்பாள். அதை யாரும் தொடக்கூடாது, வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து உள்ள சட்டம். அழுக்கு என்பதால் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை ஒரு யோசனை சொன்னாள். "இவன் என்கிட்ட படிய மாட்டேங்கான். பெரியவள ஒரு ரெண்டு மாசம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்ல போடுவோம். டீச்சர் கேட்டா அம்மை போட்டிருக்குன்னு சொல்லிக்கிடலாம்."

எனக்குக் குலை நடுங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தின் மேல் பெரிய காதல் எல்லாம் இல்லை. ஆனால் அந்த வருடம் கணக்கில் நான்தான் முதல். என் இடத்தை இன்னொருத்தி பிடித்துக்கொள்வாளே! அம்மா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கக்கூட நிற்காமல் தெருவுக்கு ஓடிவிட்டேன். தம்பியை நானே பழக்கிக் காட்டினால் ஒழிய எனக்கு விமோசனம் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. பயராபீஸுக்கு விடுமுறை இல்லை, அம்மா வேலைக்குப் போய்விட்டாள். மூன்றரை மணிபோல் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவே அலறியது. அத்தை தம்பியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, "ஏட்டி, ஆட்டிக்கிட்டே இரு" என்று குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஆட்டினேன். தெரிந்த பாட்டெல்லாம் பாடினேன். ஒன்பதாம் வாய்ப்பாடுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவன் அழுகையை நிறுத்தவில்லை. அவனுக்கு அம்மா வேண்டும், அம்மா இல்லை. சரி, அம்மாவின் சேலை இருக்கிறதே! பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போர்த்தினேன். அதில் பாச்சா உருண்டை வாசம். இரண்டு தும்மல் போட்டுவிட்டு இன்னும் பலமாக அழுதான். அப்போதுதான் ஆணியில் தொங்குகிற சேலை நினைவுக்கு வந்தது. முந்தின நாள் உடுத்தியது, அம்மாவின் வியர்வை வாசம் அப்படியே இருந்தது. ஒரு உதறு உதறிவிட்டு, கொண்டுவந்து அவன் மேல் போர்த்தினேன்.

உடனே அழுகை நின்றது. முந்தானையை மூக்கோடு அணைத்துக்கொண்டு, நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தண்ணீரோடு வந்த அத்தை தொட்டில் அசையாமல் கிடப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "அடி சமர்த்து! நீ பெரிய மனுசிடி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். எழுப்பிவிடக் கூடாதென்று பக்கத்தில்கூடப் போகவில்லை. அதே அறையில் சுவரோரம் இருந்த அடுப்பில் விறகை வைத்துக் காப்பிக்குத் தண்ணீர் போட்டாள்.

வேன் வந்தது. அம்மா வழக்கம்போல் கொல்லைப்பக்கம் போனாள். அடுத்த நிமிடம் அங்கேயிருந்து அத்தையைக் கூப்பிடுகிற குரல் வந்தது. "மயினி, ஆணியில கெடந்த சேலை எங்க?"

பாராட்டு வாங்கப்போகிற குரலில் நான் பதில் சொன்னேன். "தம்பிக்குப் போத்தியிருக்கேம்மா. தூங்கிட்டான்!"

அம்மா ஓடிவந்த வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆனால் கொல்லை வாசல்படியில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நிலையைக்கூடத் தொடாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மயினி, அடுப்ப அணைங்க! மொதல்ல அடுப்ப அணைங்க! அது பூரா மருந்து மயினி! பிள்ளைய வெளிய தூக்குங்க!"

அத்தை அப்போதுதான் பிடித்திருந்த தண்ணீரை அப்படியே அடுப்பில் கொட்டினாள். தம்பியைத் தூக்கினாள். கன்னம், கழுத்து, உதடு எல்லாம் வெள்ளியாக மின்னியது. திடீரென்று எழுப்பியதில் அவன் வீறிட்டான். முற்றத்தில் வைத்து அத்தை குடத்தோடு ஊற்றிக் கழுவ, அம்மா நாலு எட்டு தள்ளி நின்று "கண்ணுல படாமக் கழுவுங்க, வாயத் தொடைங்க, நாக்கத் தொடைங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பெற்ற பிள்ளையைத் தொட முடியாமல் கை இரண்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. அழுதுகொண்டே ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் பதறிப் பின்னால் போனாள்.

"என்னத் தொடாத! தள்ளிப் போ!"

அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடிவிட்டேன். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தச் சொல் பல வருடம் எனக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த தெருவில் இருந்த நர்சம்மா வீட்டுக்கு அத்தை தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அம்மா அதே கோலத்தில், யார் மேலும் படாமல், பின்னாலேயே போனாள். நர்சம்மா கண்ணையும் வாயையும் நெஞ்சையும் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை, மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். இரண்டு நாள் கழுத்தில் சிவந்து தடித்திருந்தது, பிறகு தணிந்துவிட்டது. நினைத்தால் இப்போதும் கைகூப்பத் தோன்றுகிறது.

திரும்பி வரும்போது தம்பி அத்தையின் தோளிலேயே தூங்கிவிட்டிருந்தான். அத்தை வேறு சேலையில் தொட்டில் கட்டி அவனைப் போட்டாள். நான் சுவரைப் பார்த்துப் பாயில் சுருண்டு கிடந்தேன். கொல்லையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மற்ற நாளில் மெதுவாகக் கேட்கிற சத்தம், அன்றைக்கு மடமடவென்று கேட்டு நின்றது. காலடி என் பக்கம் வந்தது.

"ஏத்தா… தூங்கிட்டியா?"

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தொடாதே என்று சொன்னாய் அல்லவா, இப்போது அனுபவி என்று மனசுக்குள் ஒரே வீம்பு. துவட்டாத தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் கன்னத்தில் விழுந்தது. அதற்கும் அசையவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

தம்பியைப் பழக்குகிற முடிச்சை ஞாயிற்றுக்கிழமை அத்தைதான் அவிழ்த்தாள். பையன் வாசத்துக்குத்தான் தூங்கியிருக்கிறான் என்றாள். மருந்தைக் கழுவிவிட்டுத் தம்பியைத் தொடத்தான் அம்மாவுக்கு இரண்டு குடம் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து அம்மா குளித்துவிட்டு உடுத்துகிற நூல்சேலையிலேயே படுப்பாள், காலையில் அதையே துவைக்காமல் தொட்டில் கட்டிவிட்டுப் போவாள். அதற்குள் கிடத்தி, அதன் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அத்தை பாலாடையை நீட்டியதும், துரை வாயைத் திறந்தார். சங்கு ஊதினால் பால், பால் முடிந்தால் தூக்கம். அம்மாவின் இடம் அம்மாவுக்கே கிடைத்தது. நான் பள்ளிக்கூடம் போனேன். இன்று விருதுநகரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுகிறேன். அத்தையின் யோசனைக்கு அம்மா அன்று சொன்ன பதிலையும் அத்தையே பின்னால் சொன்னாள். "அவ படிப்புல கை வைக்கிறதா இருந்தா, நான் வேலைய விட்டுர்றேன் மயினி" என்றாளாம்.

போன வாரம் போனில் பேச்சோடு பேச்சாக அம்மா அந்தச் சனிக்கிழமையை எடுத்தாள். தம்பியைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தம்பிக்கு ஒண்ணுமில்லன்னு நர்சம்மா சொல்லிட்டாக. அவனும் தூங்கிட்டான். நீதான் அழுதுக்கிட்டே போனியே… ரெண்டு குடத்தையும் எம்புட்டு வேகமா ஊத்தினேன் தெரியுமா? சோப்புகூடச் சரியாப் போகல. வந்து பாத்தா நீ தூங்கிட்ட. அன்னைக்கு ஒன்னத் தூக்க முடியாமப் போச்சேன்னு எனக்கு இன்னமும் ஒரு கொற."

கைபேசியின் தூக்க மணி அடித்ததா என்றுகூட நினைவில்லை. எத்தனையோ வருடமாக அந்த இரண்டு குடமும் தம்பிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அன்று அவை எனக்காக.

"அம்மா," என்றேன், "அன்னைக்கு நான் தூங்கலம்மா."