கடைசி நாலு நிமிஷத்துக்காரர்

உப்புக் குப்பியை மேஜையின் இடது ஓரத்துக்குத் தள்ளுகிறார். மிளகுக் குப்பி அதை மறித்துக்கொண்டு நிற்கிறது. பின்னாலிருந்து கெட்சப் புட்டி ஓடி வருகிறது. வந்த வேகத்தில் என் காப்பி கொஞ்சம் சிந்துகிறது. "ஒரு பாயின்ட் பின்னாடி இருக்கோம். நேரம் முடியப்போகுது. இப்ப நீ பந்தை யார்கிட்டக் குடுப்பே?" என்று என்னைக் கேட்கிறார் ராண்டல் கோபிள். கெட்சப்பிடம் கொடுப்பேன் என்கிறேன். "கெட்சப்பா? அவன் முக்கால் ஆட்டத்துக்குப் புலி. கடைசி நாலு நிமிஷம் வந்தா வயித்து வலின்னு உக்காந்துருவான்" என்று சொல்லி, கெட்சப்பைத் தூக்கி என் முட்டையின் மேல் கவிழ்த்துவிடுகிறார்.

சனிக்கிழமை காலை ஃபேயின் உணவு விடுதியில் இந்த மேஜைக் கூடைப்பந்து நடக்காவிட்டால்தான் நாங்கள் கவலைப்பட வேண்டும். நான் இன்ஷூரன்ஸ் விற்கிறவன். பக்கத்து முக்காலி என்னுடையது என்பதால் இந்த ஆட்டங்களிலெல்லாம் என் காப்பிக்கும் பங்கு உண்டு.

கோபிள் பிளம்பர். ஆள் கதவு அகலம். குரல் மட்டும் சின்னது. பனி கொட்டும் ஜனவரியில் குழாய் உறைந்து வெடித்தால் எங்கள் ஊரில் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அடுத்தது இவரை. இவர்தான் முதலில் வந்து சேர்வார். வந்ததும் ரிப்பேருக்கு முன்னால் ஒரு பிரசங்கம் இருக்கும். "குழாயை எவன் வேணும்னாலும் மாட்டிடலாம்யா. கடைசி அரைச் சுத்து எவ்வளவு இறுக்கணும்னு தெரியணும். அங்கதான் பாதிப் பேர் உடைச்சுடறான்."

உலகத்தில் எல்லாவற்றையும் அவர் முடிவிலிருந்துதான் எடை போடுவார். எங்கள் பாஸ்டரைப் பற்றிக் கேட்டால், "நல்லாத்தான் ஆரம்பிக்கிறார். ஆமென் சொல்ல வேண்டிய நேரத்துல பந்தைத் தட்டிக்கிட்டுச் சும்மா நிக்கிறார்" என்பார். பல் டாக்டரைப் பற்றி ஒருமுறை இதே மாதிரி சொல்லப்போய், அடுத்த முறை பல் பிடுங்கும்போது மனிதர் அதற்கு விலை கொடுத்தார். ஆனாலும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் இந்தியானா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கே போவது என்று யாரும் யோசிப்பதில்லை. கூடைப்பந்து பார்க்கப் பள்ளிக்கூட ஜிம்முக்குப் போவோம். ஊரில் இருக்கிற தலைகளைவிட அங்கே இருக்கைகள் அதிகம். கோபிள் முதல் ஆளாக வந்து உட்காருவார். ஆனால் முக்கால் ஆட்டம் முடியும் வரை களத்தின் பக்கம் திரும்பவே மாட்டார். பாப்கார்னைக் கொறித்துக்கொண்டு, முன்வரிசைக்காரருடைய கழிவுத் தொட்டியின் க்ஷேமத்தை விசாரித்துக்கொண்டிருப்பார். மணிப்பலகையில் இன்னும் நாலு நிமிஷம் என்று விழுந்ததும் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டுவார். "அதுக்கு முன்னாடி பாக்கிறதுக்கு என்ன இருக்கு? சொந்தக்காரங்க பாத்துக்கட்டும்."

கண்ணாடியை மாட்டினாரென்றால் தராசைத் தூக்கிவிட்டார் என்று அர்த்தம். இதுவரை எங்கள் பள்ளிக்கு ஆடிய பையன்கள், பெண்கள் எல்லோரையும் அந்தக் கடைசி நிமிஷங்களை மட்டும் வைத்து ஒப்பிட்டு வரிசை வைத்திருக்கிறார். எல்லாம் மண்டைக்குள்தான். சொந்த ஊர் ஆட்டமா, வெளியூர் ஆட்டமா, கால் ஓய்ந்திருந்ததா, எதிரில் நின்றவன் எவ்வளவு உயரம் என்றெல்லாம் பார்த்துக் கழிப்பார், கூட்டுவார். ஃப்ரீ த்ரோவுக்கு மட்டும் இரட்டை மதிப்பு. "தனியா நிக்கிறே. எவனும் உன்னைத் தடுக்கலை. நீயும் வளையமும்தான். அங்க யார் மேல பழி போடுவே?"

வரிசையில் முதலிடம் ஃபேக்கு. ஆமாம், எங்களுக்குக் காப்பி ஊற்றுகிற அதே ஃபேதான். இளவயதில் அவள் கடைசி நிமிஷத்தில் எறிந்த பந்து எதுவும் வீணானதை கோபிள் பார்த்ததில்லை. "நான் முதல் ஆளா இருந்து என்ன கண்டேன்? ஒழுங்கா டிப்ஸ் வைக்கிறியா நீ?" என்று அவள் கேட்பாள். கடைசி இடம் கோய் பார்னெட்டுக்கு. பழைய கார் விற்கிறவர். ஒரு ஆட்டம் முழுக்கத் தானே புள்ளிகளைக் குவித்துவிட்டு, முடிகிற நேரத்தில் பந்தைத் தன் ஷூவிலேயே தட்டி வெளியே அனுப்பிய மகராசன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பெரிய பன்றித்தொடை ஹாம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "ஒரே ஒரு இடம் மேல ஏத்திவிடுய்யா" என்று கெஞ்சுவார். கோபிள் ஹாமை வாங்கிக்கொள்வார். இடத்தை மாற்ற மாட்டார்.

வரிசையில் ஒரே ஒரு பெயர் இல்லை. கோபிளின் மகள் டெஸ். பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம். பெண்கள் அணியில் பந்தைக் கையாளுவதே அவள்தான். அவள் ஆடும் நாட்களில், மணிப்பலகையில் நாலு நிமிஷம் விழுந்ததும் கோபிள் எழுந்துவிடுவார். "எங்கேயோ தண்ணி ஒழுகுற சத்தம் கேக்குது" என்பார். ஆயிரக்கணக்கான பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் இவருக்கு மட்டும் தண்ணீர் ஒழுகுவது கேட்கும். நேராக நடைபாதைக்குப் போய்ப் பாப்கார்ன் மிஷின் பக்கத்தில், களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஆட்டம் முடிந்ததும் நான் போய்க் கூட்டி வர வேண்டும். "ஒழுகல் நின்னுடுச்சா?" என்று கேட்பேன். "இப்போதைக்கு" என்பார். ஊரே இதை ஒரு மரியாதைபோலக் கண்டும் காணாமல் விட்டிருந்தது.

டெஸ் விடவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை விடுதிக்குள் வந்து, அப்பாவின் உப்பையும் மிளகையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு எதிரே நின்றாள்.

"அப்பா, நான் எத்தனையாவது?"

"நீ வரிசையிலேயே இல்லையேம்மா."

"ஏன் இல்லை?"

"நான் பாக்கலையே. பாக்காதவங்களை எப்படிச் சேர்க்கிறது?"

"ஊரே பாத்திருக்கு. ஃபே அத்தையைக் கேளு."

"கேள்விப்பட்டதையெல்லாம் சேர்த்தா கோய்கூட மேல வந்துருவான்" என்றார் கோபிள். சட்டம் சட்டம்தான் என்ற தோரணை. ஆனால் அவர் கை, இல்லாத உப்புக் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தது.

டெஸ் சிரிக்கவில்லை. "இந்த வெள்ளிக்கிழமை என் கடைசி ஆட்டம். அதுக்கப்புறம் இந்த ஜிம்ல நான் ஆட மாட்டேன். நீ எழுந்து போனா, நான் ஆடினதாவே உன் கணக்குல இருக்காது. எனக்கு முதலிடம் வேண்டாம். ஏதோ ஒரு இடம் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஃபே காப்பிக் கெண்டியோடு நின்று அவரைப் பார்த்த பார்வையில் காப்பி ஆறிவிட்டிருக்கும். "நல்லா முழி" என்றாள்.

வெள்ளிக்கிழமை கோபிள் பாப்கார்ன் வாங்கவில்லை. யாருடைய கழிவுத் தொட்டியையும் விசாரிக்கவில்லை. இரண்டு அணியும் மாறி மாறி முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தன. நாலு நிமிஷம் விழுந்தது. கண்ணாடியை மாட்டினார். கழற்றினார். "சத்தம் கேக்குது" என்று பாதி எழுந்தார்.

பின்வரிசையிலிருந்து கோய் பார்னெட் அவர் தோளில் கை வைத்தார். "உக்காருய்யா. அன்னைக்கு நான் ஷூல தட்டிவிட்டேன் பாரு, அப்போ எங்கப்பா கடைசி வரைக்கும் உக்காந்துதான் பாத்தார். அந்த ராத்திரி எனக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான்."

கோபிள் உட்கார்ந்து கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நான் அந்த மனிதரை அவ்வளவு பாவமாக எப்போதும் பார்த்ததில்லை. ஊரையே தராசில் வைத்தவர், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, பல் டாக்டரின் நாற்காலியில் இருப்பதுபோல் இருந்தார்.

இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது, ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கையில், டெஸ்ஸை இடித்துத் தள்ளினார்கள். அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. கோட்டில் போய் நின்றவள் வளையத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் இருந்த வரிசையைப் பார்த்தாள். கோபிள் இருந்தார். கண்ணாடியும் இருந்தது.

முதல் பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போனது. கோபிளின் தலை திரும்பவில்லை. இரண்டாவது பந்து உள்ளே விழுந்தது. எதிரணியினர் ஆடுகளத்தின் மறுமுனையிலிருந்து ஒரு பந்தை வீசிப் பார்த்தார்கள். அது பலகையைக்கூடத் தொடவில்லை. ஒரு புள்ளியில் எங்கள் ஊர் ஜெயித்தது.

எல்லோரும் களத்துக்குள் ஓடினார்கள். டெஸ் மட்டும் எதிர்த்திசையில் வரிசைகளை ஏறி வந்தாள். வியர்வை சொட்டச் சொட்ட அப்பாவின் முன்னால் நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தனையாவது?"

எந்த அப்பனும் அந்த நிமிஷத்தில் சொல்லக்கூடியது ஒன்றுதான். என் பக்கத்தில் நின்ற ஃபே அதைச் சொல்லச் சொல்லிக் கண்ணால் மிரட்டினாள். கோய்கூடத் தலையை ஆட்டினார். கோபிள் மனசுக்குள் யாரையோ நகர்த்தி வைக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"பதினாலு."

"அடப்பாவி" என்றாள் ஃபே.

"பதினாலா? எனக்கு நேர் மேல யாரு?"

"ஷெல்பி கிராஃப்ட். அவ ரெண்டையும் போட்டா. நீ முதல் பந்தை முழங்காலை மடக்காம எறிஞ்சே."

டெஸ்ஸின் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வது. கோப்பையே கையில் வாங்கியிருந்தால்கூட அவள் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். "பதினாலு" என்று ஒருமுறை தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டாவது பந்து?"

"ரெண்டாவதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை" என்றார் கோபிள், நீதிபதி குரலில். தீர்ப்பு முடிந்தது என்பதுபோல எழுந்து நின்று கோட்டின் ஜிப்பை மாட்டப் பார்த்தார். இரண்டு மூன்று தடவை முயன்றும் அது பல்லுக்குள் போய் உட்காரவே மாட்டேனென்றது. டெஸ் குனிந்து ஜிப்பை அவர் கையிலிருந்து வாங்கிப் பொருத்தி, தாடை வரைக்கும் இழுத்துவிட்டாள்.