கதை அலமாரி நனைந்த வருஷம்

நூலகம் என்றால் புத்தகம் இருக்கும் இடம் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். புத்தகம் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு தெருத் தெருவாக அலைவதுதான் வேலை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. எதையாவது இரவல் கொடுத்துவிட்டு, திரும்பக் கேட்க வாய் வராமல் நின்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

மொரப்பூரிலிருந்து டவுன் பஸ் வந்து திரும்புகிற ஊர் எங்களுடையது. ஒரே அறை நூலகம். காலையில் மட்டும் திறப்பேன். என் மகள் மித்ரா இன்னும் பள்ளிக்கூடம் போகாதவள். மேஜைக்கு அடியில் துணியைக் கட்டி வூடு கட்டி விளையாடுவாள். போன அடைமழையில் கூரை ஒழுகி, கதைப் புத்தகங்கள் இருந்த அலமாரி முழுக்க ஊறிப்போனது. எதிர்ச் சுவர் அலமாரி தப்பித்துவிட்டது. அதில் இருந்தது எல்லாம் ஆடு வளர்ப்பு, பாம்பு, ஆறு, குழந்தை வளர்ப்பு மாதிரி சங்கதிகள். அதுவரைக்கும் தூசி தட்டத்தான் நானே அந்தப் பக்கம் போவேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படித்தவள் நான். கதை இல்லாத புத்தகம் என்றால் பரீட்சை வரும் என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வாசகர்கள் வராவிட்டால் வருஷக் கடைசியில் புத்தகங்களை டவுனுக்கு எடுத்துப் போய்விட்டு அறையைப் பூட்டிவிடுவார்களாம். அதோடு என் வேலையும் சரி. ஆகவே தப்பித்த அலமாரியை வைத்துத்தான் வருஷத்தை ஓட்டியாக வேண்டும். என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படி ஆளுக்குக் கொடுப்பது? ஒவ்வொன்றாகப் படித்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால், நான் ஆசைப்பட்டுப் படித்த வருஷம் அதுதான்.

பாம்புக்குப் பரிந்து பேசியவர்

பச்சையம்மாள் அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். சாப்பாட்டு நேரத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து குடும்பக் கதைகளைச் சத்தமாகப் படிப்பார். சுற்றி நாலு பேர் கேட்பார்கள். கதை அலமாரி காலியாக இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. அந்த வருஷம் எனக்கு முதலில் பிடித்துப்போனது பாம்புப் புத்தகம். எது விஷம், எது வெறும் எலி பிடிக்கிற சாது என்று படத்தோடு போட்டிருக்கும். அதைக் கையில் கொடுத்தேன். சந்தேகமாக வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து வந்தார். ஏரிக்கரையில் வேலை நடக்கும்போது ஒரு சாரை குறுக்கே போனதாம். ஆளாளுக்கு மண்வெட்டியைத் தூக்க, அக்கா நடுவில் நின்று, "அது பாட்டுக்குப் போவுது, வுடுங்கடி" என்று தடுத்திருக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. "புத்தகம் எப்படிக்கா இருந்துச்சு?" என்றேன். புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குது கோமதி. ஆனா கடைசி வரைக்கும் யாருக்கும் கல்யாணமே ஆகலியே."

எந்தப் பக்கம்?

ஆடு பிழைத்துக்கொண்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் நிம்மதியாகப் படிக்க மாட்டீர்கள்.

மாதம்மாள் அத்தைக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது. ஆனாலும் ஆடு வளர்ப்புப் புத்தகத்தைப் பிடிவாதமாக வாங்கிப் போனார். வூட்டுக்குள் புதுசாக எது வந்தாலும் அவருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாக வேண்டும், அது மிக்ஸியாக இருந்தாலும் சரி. புத்தகத்துக்கும் வைத்தார். அட்டையில் இருந்த ஆட்டின் நெற்றியில் சரியாகப் பொட்டு. பத்தாததற்கு நிஜ ஆடு ஒன்று வந்து அட்டையின் ஓரத்தைக் கடித்துவிட்டது. "அதுக்கும் படிக்கணும்னு ஆசை" என்றார் அத்தை.

ஒருநாள் காலை, நான் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன். ஈரச் சோளத்தட்டை நிறையத் தின்ற ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. "அத்தை, அதுல முதல்ல போட்டிருக்கிறதே டாக்டரைக் கூப்பிடுன்னுதான். கூப்பிடுங்க, நான் வர்றேன்" என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, அவர் வரும் வரைக்கும் அத்தை கொட்டகையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படத்தையும் ஆட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"புத்தகத்துல ஆடு நிக்குது கண்ணு, எங்க ஆடு படுத்துக்கிச்சு. படுத்த ஆட்டுக்கு எந்தப் பக்கம்?"

ரயிலில் வளர்ந்த பிள்ளை

எங்கள் ஊரில் புத்தகமும் உறைமோர் மாதிரி. ஒரு வூட்டில் வாங்கினால் தெருவுக்கே போதும். எடுப்பவர் பேர் ஒன்று, படிப்பவர்கள் ஒரு தெரு. என் பதிவேட்டில் திரும்பத் திரும்ப அதே நாலைந்து பேர்தான் இருக்கும். "நீங்களும் சேருங்களேன்" என்று கேட்டால், "அதான் பக்கத்து வூட்டுல சேர்ந்துட்டாங்களே" என்பார்கள். மேலிடம் எண்ணிப் பார்ப்பது பேரைத்தானே, அதை யாரிடம் சொல்ல?

எனக்கு மிகவும் பிடித்த குழந்தை வளர்ப்புப் புத்தகம் அப்படித்தான் ஊரை விட்டே போய்விட்டது. மித்ரா ஏன் மண் தின்றாள், ஏன் சோற்றைத் துப்பினாள் என்பதெல்லாம் அதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கீழத் தெருவில் கேட்டால் மேலத் தெரு, அங்கே கேட்டால் பொம்மிடியில் கட்டிக்கொடுத்த மகள் வூடு. போன் மேல் போன் போட்டதில், அந்த மகள் ஜோலார்பேட்டை போகிற வெங்காய வியாபாரி ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினாள். மொரப்பூர் ஸ்டேஷனில் மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வண்டி நின்றது. ஜன்னலோரம் புத்தகமும் கையுமாக அவர். நான் கையை நீட்டினேன். அவர் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, கொடுக்காமலே சொன்னார்:

"பிள்ளை இப்பத்தான் தவழுதுங்க. ஜோலார்பேட்டை போறதுக்குள்ள நடந்துரும், திரும்பி வர்றப்ப தந்துடறேன்."

பாறைக்கு மரியாதை

என் வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை. வாரக் கடைசியில் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒகேனக்கல் போனோம். ஆறுகளைப் பற்றிய புத்தகம் ஒன்று அப்போது என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் விட மனசில்லாமல் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே இருக்கும் பாறைகள் எத்தனை பழசு என்று அதில் எழுதியிருந்ததைப் படித்த பிறகு, துணி துவைக்கிற கல்லைக்கூட வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

பரிசலில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகப் படித்தேன். "ஊர் சுத்த வந்த இடத்துலயும் பாடமா?" என்றார் வீட்டுக்காரர். பொரித்த மீன் தின்ற கையால் மித்ரா அருவிப் படத்தைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கட்டைவிரல் இன்னும் அங்கேயே இருக்கிறது. எத்தனை துடைத்தும் போகவில்லை. பரிசல்காரர் துடுப்பை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர்களும் மிருகங்களும் வருவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே அந்தப் பாறைகள் இருக்கின்றன என்ற வரி வந்ததும், மெதுவாகப் பரிசலைத் திருப்பினார்:

"இது முன்னாடியே தெரியாமப் போச்சுங்க. இத்தனை நாளும் துடுப்பால இடிச்சு இடிச்சுல்ல தள்ளிட்டிருந்தேன்."

சீருடை போட்ட அலமாரி

வருஷக் கடைசியில், பார்வையிட அதிகாரி ஒரு அம்மா வருவதாகத் தகவல் வந்தது. புத்தகங்கள் எல்லாம் ஊருக்குள் இருந்தன. அலமாரி காலியாக இருப்பதைக் காட்டி, பாருங்கள், இத்தனையும் படிக்கப் போயிருக்கிறது என்று சொல்வதுதான் என் திட்டம். ஊருக்கு வேறு திட்டம். விருந்தாளி வரும்போது வூட்டில் சாமான் குறைவாகத் தெரிந்தால் அவமானம் இல்லையா? பச்சையம்மாள் அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட, முதல் நாள் சாயங்காலமே எல்லாப் புத்தகங்களும் பக்கத்துத் தையல் கடை ரஹீம் பாயிடம் வந்து சேர்ந்துவிட்டன. காலையில் நான் கதவைத் திறக்கும்போது அவர் கூடவே வந்து அடுக்கினார். மிச்சமிருந்த பள்ளிச் சீருடைத் துணியில் ஒவ்வொன்றுக்கும் உறை தைத்திருந்தார். எல்லாம் நீலக் கலரில், பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி. "கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கியாச்சு, பாருங்கம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதை சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

அதிகாரி வந்தார். பெரியவங்க உள்ளே இருக்கும்போது எப்படி நுழைவது என்று மொத்த ஊரும் மரியாதையாகத் தெருவிலேயே நின்றுவிட்டது. உள்ளே வாசகர் என்று பார்த்தால் மேஜைக்கு அடியில் மித்ரா ஒருத்திதான். அந்த அம்மா பதிவேட்டைப் பார்த்தார், நாலைந்து பேர். அலமாரியைப் பார்த்தார், இடம் பிசகாமல் முழுசாக இருந்தது. "ஒருத்தரும் தொடலை போலிருக்கேம்மா" என்றார் வருத்தமாக. உறைமோர் கணக்கை ஒரு அதிகாரியிடம் எப்படி விளக்குவது?

அவர் சும்மா ஒன்றை எடுத்து உறையைக் கழற்றினார். நெற்றியில் பொட்டு வைத்த ஆடு, கடிபட்ட ஓரம். அடுத்ததைப் பிரித்தார். சாரைப் பாம்பின் பக்கத்தில் ஏரிக்கரைச் செம்மண்ணில் விரல் தடம். குழந்தைப் புத்தகத்திலிருந்து வெங்காயச் சருகு உதிர்ந்தது. அருவிப் படத்தில் மித்ராவின் மீன் கட்டைவிரல். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக உறையைக் கழற்றிப் பார்த்தார். வாசலில் நின்றிருந்த மாதம்மாள் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, ஆட்டுப் புத்தகத்துல ஒரு பக்கம் மடிச்சு வச்சிருக்குது, அதை மட்டும் பிரிச்சுறாதீங்க. வெள்ளாட்டுக்கு இது குட்டி போடுற மாசம்" என்றார். மடிப்பைத் தொடாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதிகாரி எழுந்தார். "இங்கயே இருக்கட்டும்மா, நான் பேசிக்கிறேன்" என்றார் என்னிடம். தெருவில் நின்றவர்கள் அப்போதுதான் மெல்ல உள்ளே வர ஆரம்பித்தார்கள். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

"எம்பொண்ணுக்கும் இது மாசந்தான். அந்தக் குழந்தைப் புத்தகத்தை நான் எடுத்துட்டுப் போறேனே, படிச்சுட்டுக் கொடுத்தனுப்பறேன்."

ஊரை விட்டுப் போக இருந்த புத்தகங்களில் கடைசியில் அந்த ஒன்றுதான் போனது, அந்த அம்மாவின் பேத்தி நடக்கவே ஆரம்பித்துவிட்டாளாம், இனி வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவரிடம் போய் அதை எந்த வாயால் திரும்பக் கேட்பது என்று என் கட்சிக்காரர்களான நீங்கள்தான் சொல்ல வேண்டும்.