ஜோகுபாளையத்தில் ஒரு பொது நுழைவாயில்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் என் அண்ணி ஜோகுபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினாள். நான் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய ஆறு கணினிகளையும் சரிபார்ப்பது என் பொறுப்பு.

அப்போது எனக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. பல நாட்டு ஆர்வலர்கள் தங்கள் கணினிகளைக் கோத்து ஒரு வலையமைப்பை உண்டாக்கியிருந்தார்கள். அதற்குத் தலைமைக் கணினி என்று எதுவும் கிடையாது. ஒருவர் அதில் எழுதிக் கேட்பது பல கணினிகள் வழியாகக் கைமாறிப் போகும். யார் கேட்டது, யார் பதில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அதன் மென்பொருளை நிறுவுவதுதான் பெரும்பாடு. அதனால் வீட்டிலிருந்த ஒரு பழைய கணினியை ஓயாமல் ஓடவிட்டு, அதைப் பொது நுழைவாயில் ஆக்கினேன். யாரும் எதையும் நிறுவ வேண்டாம். பிரவுசரில் ஒரு முகவரியை அடித்தால் உள்ளே போய்விடலாம்.

"சும்னே எதுக்கு இதெல்லாம்? யாரு வந்து பாக்கப் போறா?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள் அண்ணி.

ஒருத்தி வந்தாள். கார்மெண்ட்ஸில் தைக்கிறவள், நாற்பது வயதிருக்கும். வருகிறவர்கள் பெயரும் முகவரியும் எழுத வேண்டும் என்று போலீஸ் வைக்கச் சொன்ன நோட்டைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பேரும் அட்ரஸும் மட்டுந்தாங்க்கா. நீங்க என்ன பாத்தீங்கன்னு யாருக்கும் தெரியாது," என்று நுழைவாயிலைப் பற்றி உற்சாகமாக விளக்கினேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "உங்களுக்குக்கூடவா, மேடம்?" என்றாள்.

அந்த வழியில் போகும் எல்லாம் முதலில் என் கணினிக்குத்தான் வரும். நினைத்தால் நான் பார்க்கலாம்.

"என்னால பாக்க முடியும்க்கா. ஆனா பாக்க மாட்டேன்."

"பரவால்ல, இருக்கட்டும்," என்று எழுந்து போய்விட்டாள்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா உக்காந்திருப்பா இல்ல?" என்றாள் அண்ணி.

உட்கார்ந்திருப்பாள். அதுதான் என்னை உறுத்தியது. நான் திறந்து வைத்த வாசலில் நானே காவல்காரியாகவும் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து, சென்டரின் மூலைக் கணினியிலேயே அந்த மென்பொருளை நிறுவினேன். அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும்படி செய்தேன். இனி என்னாலும் பார்க்க முடியாது.

மகனின் மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்க அவள் மறுபடி வந்தபோது, அண்ணிதான் நோட்டை நீட்டாமல், விஷயத்தைச் சொல்லி உட்கார வைத்தாள். ஒரு பக்கம் திறக்கவே நெடுநேரம் பிடித்தது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். தமிழை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். அதன்பின் வாராவாரம் வந்தாள். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அவளே சொன்னாள். புருஷன் எச்ஐவியில் இறந்திருந்தான். தனக்கும் இருக்குமோ என்ற பயம். பக்கத்து ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் வேலை செய்ததால் அங்கே போகவும் வழியில்லை.

"அதுல ஒருத்தங்க தமிழ்லயே பதில் போட்டாங்க மேடம். அவங்களுக்கும் இதேதானாம். எங்க போவணும், என்ன கேக்கணும்னு எல்லாம் சொன்னாங்க. போனேன். இருக்குதுன்னுட்டாங்க. இப்ப மாத்திரை சாப்பிடறேன்."

"அவங்க யாருன்னு தெரியுமாக்கா?"

"தெரியல. என்ன யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. மாத்திரை போட்டியான்னு மட்டும் ஒவ்வொரு வாரமும் கேக்கறாங்க."

அவளுடைய நாத்தனார், தங்கை, பக்கத்து வீட்டுக்காரி யாருமே கேட்க முடியாத கேள்வி அது.

அடுத்த வருஷம் அவளுக்கு ஊருக்கு வெளியே சந்தாபுரா பக்கம் வேலை கிடைத்தது. அங்கேயும் ஒரு சென்டர் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் பஸ் ஏறிப் போனோம். சென்டர்காரரிடம் கன்னடத்தில் அவளே பேசினாள். அவர் அரைமனதாக ஒரு கணினியைக் காட்டினார். நான் நிறுவி முடித்ததும், "இதை யாரும்மா பாப்பாங்க?" என்று கேட்டார்.

"நான் பாப்பேன். இன்னும் நாலு பேரு வருவாங்க," என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த போலீஸ் நோட்டை இழுத்துத் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள்.