வாரேனுங்க என்று சொன்னவர்கள்

போன வாரம் ஒரு மனிதர் என் கண்ணெதிரே ஸ்டாம்ப் பேப்பர் ஒன்றை நான்காகக் கிழித்தார். கிழித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

நானும் கலங்கினேன். காரணம்தான் இரண்டு பேருக்கும் வேறு வேறு!

கிழித்தவர் மருதாசலம். வீட்டு புரோக்கர். கிழிபட்டது ஓர் அக்ரிமெண்ட். சிங்காநல்லூரில் இருக்கும் என் வீட்டை மூன்று மாதத்துக்கு அவர் மூலமாகத்தான் விற்பேன், நேரடியாக யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தது. நம் ஊரில் புரோக்கர்கள் இப்படியெல்லாம் எழுதி வாங்குவது வழக்கமில்லை. ஆனால் இவர், கமிஷன் தராமல் ஏமாற்றியவர்களிடம் ஏற்கெனவே சூடு கண்ட பூனை.

வீட்டை ஏன் விற்கிறேன்? என் மனைவி சரோஜா போய் இரண்டு வருஷமாகிறது. இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பம்பாயிலிருந்து பையன் போன் செய்தான்.

"ஒத்தை ஆளுக்கு எதுக்குப்பா அவ்வளவு பெரிய வீடு? வித்துட்டு, அங்கேயே சின்னதா ஒரு ஃப்ளாட் பாத்துக்குங்க."

'இங்கே வந்துருங்க' என்று அடுத்து சொல்வான் என நினைத்துக் காத்திருந்தேன். "சரிப்பா, வெச்சுர்றேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மருதாசலம் பார்ட்டிகளைக் கூட்டி வருவார். முன்னால் அவருடைய மொபெட், பின்னால் ஒரு கார். முதல் தடவை என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் போய் ஒரு யோசனை சொன்னார்.

"அம்மா தவறிட்டாங்கன்னு சொல்லாதீங்கய்யா. சகுனம் பாப்பாங்க. ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிப்போடுங்க."

மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மனைவி சமையலறையைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "ஏனுங்ணா, அண்ணி இல்லீங்களா?"

"ஊருக்குப் போயிருக்கா. வந்துருவா."

பொய்தான். ஆனால், சொல்லிப் பாருங்கள்... எவ்வளவு சுகமாக இருக்கிறது! அடுத்த ஞாயிறு யாரும் கேட்காமலே நானாகச் சொன்னேன்.

பாக்கு வியாபாரியின் மனைவி அன்று சும்மா போகவில்லை. "ஆம்பளைக கையில அடுப்படி படற பாட்டப் பாருங்க" என்று சிரித்தபடியே, சர்க்கரை டப்பாவையும் உப்பு ஜாடியையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அவை அங்கேயேதான் இருக்கின்றன.

இப்படியே வாராவாரம். மாடி ஏறிப் பார்த்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். குழாயைத் திறந்து தண்ணீரைக் குடித்து, "சிறுவாணித் தண்ணிதானுங்களே?" என்று உறுதி செய்துகொண்டார்கள். குழந்தைகள் ஊஞ்சலில் ஆடின. நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று மரியாதைக்குச் சொன்னார்கள். புறப்படும்போது எல்லோரும் ஒரே வார்த்தைதான் - "வாரேனுங்க."

நம் பக்கத்தில் யாராவது 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவார்களா? மாட்டார்கள். அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காதவர்களும் 'வாரேனுங்க'தான். நானும் இந்த ஊர்க்காரன், எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும், கார் தெருமுனை திரும்புகிற வரை கேட்டில் நின்றுகொண்டிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் பின்தெரு சண்முகம் வந்தார். வெட் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிறார். நல்ல விலை, முழுப் பணமும் ரெடி.

"நமக்குள்ள எதுக்குங்க நடுவுல ஒருத்தரு? விக்கறதா இல்லைன்னு புரோக்கர்கிட்ட சொல்லிப்போடுங்க. கெடு முடிஞ்சதும் கமுக்கமா கிரயம் பண்ணிக்கலாம்."

"இல்லீங்க. எழுதிக் குடுத்துட்டேன். எழுத்துன்னா எழுத்துதான்" என்றேன்.

பையன் போனில் குதித்தான். "யாருப்பா இந்தக் காலத்துல இதெல்லாம் பாக்கறாங்க?" தெருவோ என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மளிகைக் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கோ கூச்சம் பிடுங்கித் தின்றது.

ஏனென்றால், என் நேர்மை சுத்தமான நேர்மை இல்லை. சண்முகத்துக்கு விற்றுவிட்டால் அடுத்த ஞாயிறு யார் வருவார்கள்? என் காபியை யார் குடிப்பார்கள்? 'ஊருக்குப் போயிருக்கா' என்று நான் யாரிடம் சொல்வேன்? அந்த அக்ரிமெண்ட் மருதாசலத்துக்கு வேண்டுமானால் கமிஷனாக இருக்கலாம். எனக்கு அது வாரம் ஒரு தடவை மனித முகம்.

விஷயம் மருதாசலத்தின் காதுக்கும் போயிருக்கிறது. மனுஷன் நேரே வந்துவிட்டார், கையில் அக்ரிமெண்டோடு.

"என்ற சர்வீஸ்ல உங்களை மாதிரி ஒருத்தரப் பாத்ததில்லீங்கய்யா. நல்ல மனுசனுக்கு என்னால நட்டம் வரக்கூடாது. சண்முகத்துக்கே குடுத்துப்போடுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாங்க."

கிழித்துவிட்டார்!

வேண்டாமய்யா, இன்னும் மூன்று மாதத்துக்கு வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்று கத்தலாம் போலிருந்தது. மெச்சிக் கண்ணீர் விடுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது, எனக்கு வேண்டியது விலை இல்லை, ஆட்கள் என்று?

"சித்தெ உக்காருங்க, காபி போடறேன்" என்றேன்.

"இல்லீங்க, சூலூர்ல ஒரு பார்ட்டி காத்துட்டிருக்குது. வாரேனுங்க."

மொபெட் போய்விட்டது. மறுக்க ஒரு சாக்கும் மிச்சமில்லாததால், வெள்ளிக்கிழமை சண்முகத்திடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டேன்.

இந்த ஞாயிறு பழக்க தோஷத்தில் டிகாக்ஷன் அதிகமாகப் போட்டுவிட்டேன். கூடத்து நாற்காலிகளையும் துடைத்துப் போட்டிருந்தேன். கேட் சத்தம் கேட்கவே இல்லை. வெயில் ஏறியபோது போன்தான் அடித்தது.

"கேள்விப்பட்டேன்ப்பா, நல்லதாப் போச்சு. ஃப்ளாட் பாத்துட்டீங்களா? சரிப்பா, வெச்சுர்றேன்."

எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த பையன்தான்...

மரியாதைக்காவது ஒரு 'வாரேன்' சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.