பெருஞ்சுவர் கற்பித்த பணிவு

எங்கள் சீனமொழித் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் பெருஞ்சுவர். யார் சொன்னாலும் உள்ளே ஏறாது என்பதால் அந்தப் பெயர். நான் அங்கே பியூன். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆளின் மேஜையைத் துடைக்கிறேன். மண்டைக்கனம் மட்டும் அப்படியே படிந்து கிடக்கிறது.

வருஷா வருஷம் ஒரே பாடம். "யாராவது பாராட்டினா, 'ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க'ன்னு மறுக்கணும். அதுதான் சீனப் பண்பாடு." பரீட்சையில் 'நன்றி சொல்வேன்' என்று எழுதிய பெண்ணுக்கு முட்டை போட்டார்.

போன மாதம் சீனாவிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். எங்கள் தலைவர் சீனத்தில் இரண்டு வாக்கியம் பேசியதும், "உங்கள் சீனம் அருமை" என்றார் அந்த அம்மா. பெருஞ்சுவருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சீனத்திலேயே பல்லிளித்தார்.

நான் டீயை வைத்து, சீனத்தில் "குடிங்க" என்றேன். அந்த அம்மா என்னையும் அதே வார்த்தையில் பாராட்டினார். கதவோரம் நின்று கேட்ட பாடம் கைகொடுத்தது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் போனதும் பெருஞ்சுவர் என்மேல் பாய்ந்தார். "ஏன்யா, பெரியவங்க பாராட்டினா ஒரு நன்றி சொல்லத் தெரியாதா? இத்தனை வருஷமா இங்க என்னதான் கத்துக்கிட்ட?"